இறாலுக்குத் தடுப்பூசி உண்டா? தடா பக்கத்துக் குளத்துக்காரர்களின் கேள்விகள்

தடாவிலிருந்து: அண்ணா, வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தடுப்பூசி மாதிரி ஏதோ புரதம் என்று ஒரு பாட்டில் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

முதலில் அந்தத் தடுப்பூசி என்ற சொல்லை விடுங்கள், தம்பி. இறாலுக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது. பிறவியிலேயே உள்ள பெனைடின், கிரஸ்டின், ஏ.எல்.எஃப் போன்ற புரதங்கள்தான் அதற்குக் காவல். இதில் ஏ.எல்.எஃப், விப்ரியோ மாதிரி கிருமியின் மேல்தோலில் உள்ள கொழுப்புச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதத்துக்கான மரபணுவை ஈஸ்டிலோ பாக்டீரியாவிலோ புகுத்தித் தொட்டியில் வளர்த்து எடுப்பதைத்தான் மறுசேர்க்கைப் புரதம் என்கிறோம்.

இன்னொரு வழி, வெள்ளைப்புள்ளி வைரஸின் வெளியுறையில் உள்ள வி.பி.28 என்ற புரதத்தையே தயாரித்துத் தீவனத்தில் கொடுப்பது. ஆய்வுத் தொட்டிகளில் அதைத் தின்ற இறால் கூடுதலாகப் பிழைத்தது உண்மை. ஆனால் பாதுகாப்பு முழுமையாக இல்லை, சில வாரங்களில் குறைந்தும் போனது. ஆய்வுத் தொட்டி வேறு, நம் குளம் வேறு.

சூளூர்பேட்டை, கல்லூரி மாணவி: ஊசியாகவே போட்டால் என்ன, சார்?

சதுர மீட்டருக்கு 60 குஞ்சு என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 2.4 லட்சம். யார் போடுவது, அம்மா? தீவனம்தான் வழி.

ஆரம்பாக்கம்: தீவனத்தில் கலந்தால் போதுமா, ஐயா?

அங்கேதான் சிக்கல். ஆலையில் நீராவிச் சூட்டில் தீவனம் குருணையாகும்போது புரதம் கெட்டுவிடலாம். குளத்தங்கரையில் பைண்டர் என்ற ஒட்டுப்பசை சேர்த்து மேலே பூசினாலும் ஒரு பகுதி தண்ணீரில் கரையும், மீதியிலும் ஒரு பகுதி இறாலின் குடலில் செரித்து வீணாகும். பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, உள்ளே எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள்.

தடா, மறுபடியும்: கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம், அதாவது சிஏஏ, கொடுத்த பதிவு எண் போட்டிருக்கிறதே?

நல்ல கேள்வி. தடை செய்த ஆன்டிபயாட்டிக் அதில் இல்லை என்பதற்குத்தான் அந்த எண். நோயைத் தடுக்கும் என்பதற்கு அல்ல. விற்பவர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பேசுவார்.

கூடூர்: வனாமி இறால் வளரவே இல்லை, ஈ.எச்.பி நோய் என்கிறார்கள். இதற்கும் அந்த வி.பி.28 உதவுமா?

உதவாது. ஈ.எச்.பி கிருமி நுண்பூஞ்சை வகை, வி.பி.28 வெள்ளைப்புள்ளி வைரஸின் புரதம். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போதே, கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர் சோதனை செய்துவிடுங்கள்.

ஆரம்பாக்கம்: அப்போ குளிர்காலப் பட்டத்துக்கு என்னதான் செய்வது?

நண்டும் பறவையும் வெள்ளைப்புள்ளியைக் குளத்துக்குள் கொண்டுவராமல் இருக்க நண்டு வேலி போடுங்கள், பறவை வலை கட்டுங்கள். பக்கத்துக் குளத்தில் சாவு தொடங்கினால் வாய்க்கால் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். பாட்டில் காசில் வேலி வந்துவிடும்.