வேருக்கு வேர்க்கிறதா? சுழல்நீர் பக்கெட் கேள்வி-பதில்

மண்ணில்லாமல், உரம் கரைத்த நீர் சுற்றிவரும் பக்கெட்டில் செடி வளர்ப்பவர்கள் கேட்டவற்றில் பாதிக்குமேல் ஒரே புலம்பல்: தண்ணீர் சூடாகிறது. மீதி, பைப் வேலை. பைப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒழுங்காக ஓடாத தண்ணீரைக் குளிர வைத்துப் புண்ணியமில்லை.

கேள்வி: ஆறு பக்கெட்டை வரிசையாக இணைத்து, ஒரு முனையில் டேங்க் வைத்து, அதில் பம்ப் போட்டேன். சுவிட்ச் போட்ட ஐந்தே நிமிடத்தில் கடைசி பக்கெட் வழிகிறது, டேங்க் வற்றுகிறது. பம்ப் கோளாறா?

பதில்: பம்ப் நன்றாக வேலை செய்வதுதான் கோளாறு! கடைசி பக்கெட்டுக்குத் தண்ணீரைத் தள்ளுவது மோட்டார். அது டேங்குக்குத் திரும்புவதோ மட்ட வித்தியாசத்தால் மட்டும். பைப் அளவை நீங்கள் எழுதவில்லை, அரை இஞ்ச் என்று பந்தயமே கட்டுவேன். அரை இஞ்சுக்கும் 2 இஞ்சுக்கும் பார்வைக்கு நாலு மடங்குதான் வித்தியாசம். உள்பரப்பில் அது பதினாறு மடங்கு, உரசலையும் சேர்த்தால் இன்னும் அதிகம்.

பக்கெட்டுகளை இணைக்கும் அடிப் பைப் 2 இஞ்சுக்குக் குறையக் கூடாது என்பது என் கட்சி. இன்றைக்கு நாற்றின் வேர் நூல்போல இருக்கும். இரண்டு மாதம் போனால் தக்காளி வேர் பக்கெட்டை நிறைத்துவிட்டுப் பைப்புக்குள்ளும் வால் நீட்டும். வலை வைத்துத் தடுக்கலாமே என்றால், முதலில் அடைத்துக்கொள்வதே வலைதான்.

பைப்பை மாற்றும்வரை பம்ப் வாயில் ஒரு பால் வால்வு (ball valve, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) போட்டு ஓட்டத்தைக் குறையுங்கள். மொத்தத் தண்ணீரும் மணிக்கு இரண்டு மூன்று முறை சுற்றினால் எனக்குப் போதும். தரையையும் மட்டம் பாருங்கள். ஒரு பக்கெட் இரண்டு விரல் தாழ்ந்திருந்தால் அந்தச் செடி மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். இன்னொன்று, பம்ப் நின்றதும் பக்கெட்டுகளிலிருந்து நீர் இறங்கி டேங்கில் மட்டம் ஏறும். அதற்கு இடம் விட்டே நிரப்புங்கள்.

கேள்வி: டேங்க் நிப்பிளை (துளையில் பைப்பைப் பொருத்தும் இணைப்பு) எவ்வளவு இறுக்கினாலும் கசிகிறது.

பதில்: இறுக்குவதால்தான் கசிகிறது. வாஷர் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். கழற்றுங்கள். துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் பிளேடால் சீவுங்கள். ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் உள்பக்கம் வரட்டும். கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். பிறகு வெறும் தண்ணீர் விட்டு 24 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு நேராக உரக் கரைசலை ஊற்றினேன். விடிந்து பார்த்தால் தரையெல்லாம் உப்புக் கோலம்.

கேள்வி: இரண்டு ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழாக்கும் கல்) போட்டிருக்கிறேன், குமிழ் கொப்பளிக்கிறது. ஆனாலும் மதியம் இலை தொங்குகிறது, வேர் பழுப்பாகிறது. தண்ணீர் 29 டிகிரி. மூன்றாவது ஏர் ஸ்டோன் போடட்டுமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடித்துவைக்குமோ அதுவரைதான் குமிழால் நிரப்ப முடியும். அந்தக் கொள்ளளவே சூட்டில் சுருங்குகிறது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6. ஒன்றரை மில்லிகிராம்தானே என்று தோன்றும். ஆனால் அதே பத்து டிகிரி ஏற்றத்தில் வேர் ஏறக்குறைய இரு மடங்கு ஆக்சிஜன் கேட்கிறது. பானை சிறுத்துவிட்டது, பந்தியில் கூட்டம் இரட்டித்துவிட்டது. மூச்சு முட்டும் வேர் நீரை இழுக்காது. செடி தண்ணீரில் நின்றபடியே வாடும். அப்படித் தளர்ந்த வேரில்தான் பித்தியம் என்ற அழுகல் கிருமி ஏறும்.

பழுப்பு நிறத்தை மட்டும் பார்த்து அழுகல் என்று முடிவு கட்டாதீர்கள், உரக் கரைசலும் வேருக்குச் சாயம் ஏற்றும். ஒரு வேரை இரு விரலால் பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக நிற்கும். அழுகிய வேரின் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, நடுவிலுள்ள நரம்பு மட்டும் நூலாக மிஞ்சும். விரலில் ஒரு கொழகொழப்பும் குட்டை நாற்றமும் ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரை 18 முதல் 22 டிகிரிக்குள் வையுங்கள். அதற்காக அறை முழுக்க ஏசி வேண்டியதில்லை. லெட்டூஸ் கீரையை வைத்து கார்னெல் பல்கலைக்கழகத்தார் செய்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், காற்று 31 டிகிரி இருந்தும், நீரை 24-இல் நிறுத்தியபோது விற்கும் தரத்தில் செடி கிடைத்தது. அதற்காக ஐஸ் தண்ணீராக்கிவிடவும் வேண்டாம். 15-க்குக் கீழே போனால் தக்காளி போன்றவை பாஸ்பரஸை எடுக்கத் திணறும், இலை ஊதா பூக்கும்.

கேள்வி: சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்க வசதியில்லை. ஐஸ் பாட்டில் போடலாமா?

பதில்: கணக்குத் தெரிந்து போடுங்கள். உறைந்த ஒரு லிட்டர் பாட்டில், உருகி 20 டிகிரிக்கு வருவதற்குள், 100 லிட்டர் நீரைச் சுமார் ஒரு டிகிரி இறக்கும். ஆறு டிகிரி இறக்க ஆறு பாட்டில், சாயங்காலம் இன்னும் ஆறு. முதல் வாரம் உற்சாகமாக இருக்கும்.

அதைவிட, சூடு எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று பாருங்கள். முதல் வாசல் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்ப். 40 வாட் பம்ப் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத் தண்ணீரில்தான் சேருகிறது. ஒரு நாள் ஓடினால், எதுவும் வெளியேறாவிட்டால், 100 லிட்டரை எட்டு டிகிரி ஏற்றப் போதுமான சூடு அது. தேவைக்கு மேல் பெரிய பம்ப் வைத்திருந்தால் மாற்றுங்கள். ஏர் பம்ப்பைச் சூடான மூலையில் வைத்தால் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் வேருக்கு ஊதும். கறுப்பு பக்கெட்டுக்கு வெளியே வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். உள்ளே கறுப்பு இருக்கட்டும், வெளிச்சம் புகுந்தால் பாசி வரும். டேங்கைச் சுற்றி தெர்மோகோல் கட்டுங்கள்.

டேங்கின் நீர்ப்பரப்பில் மின்விசிறி வீசவிடுவதும் வறண்ட காற்றுள்ள இடத்தில் நன்றாகவே வேலை செய்யும், புழுக்கத்தில் பலிக்காது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். ஈசி (EC, கரைசலின் உப்புச் செறிவைக் காட்டும் அளவு) ஏறுவதைப் பார்த்து வெறும் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுங்கள்.

கேள்வி: 150 லிட்டர் அமைப்புக்கு எந்த அளவு சில்லர்?

பதில்: லிட்டரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஐஸ் போட்டு நீரை 20-க்குக் கொண்டுவந்து, நாளின் சூடான ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பாருங்கள். லிட்டர், ஏறிய டிகிரி, 1.163 மூன்றையும் பெருக்கினால் உள்ளே வரும் சூடு வாட்டில் கிடைக்கும். ஒன்றரை டிகிரி ஏறினால் உங்களுக்குச் சுமார் 260 வாட். அதைப்போல் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு குளிர்விக்கும் திறன் உள்ளதை வாங்குங்கள். பெட்டியில் போட்டிருப்பது மின்சாரம் தின்னும் வாட்டா, குளிர்விக்கும் வாட்டா என்று கேட்டுத் தெளியுங்கள், இரண்டும் வேறு.

சில்லர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. செடி இருக்கும் மூடிய அறைக்குள்ளேயே அதை வைத்தால் தன் முதுகைத் தானே சுட்டுக்கொள்ளும். தெர்மாமீட்டரைத் தூரத்து பக்கெட்டிலும் வைத்துப் பாருங்கள், சில்லர் வாயில் எப்போதும் ஜில்லென்றுதான் காட்டும்.

கேள்வி: பழைய ஃப்ரிட்ஜின் செம்புச் சுருளை டேங்கில் இறக்கலாமா?

பதில்: கூடாது. உரக் கரைசல் சற்றே புளிப்பானது, செம்பை மெல்லக் கரைக்கும். செடிக்குத் தேவையான செம்போ லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்கூட இல்லை. சுருள் வேண்டுமானால் டைட்டானியம், அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

கேள்வி: நல்ல பாக்டீரியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து விடுகிறேன். சரியா?

பதில்: பெராக்சைடு கிருமிகொல்லி. விருந்தாளியைக் கூப்பிட்டு விஷம் வைக்கிறீர்கள். ஏதாவது ஒன்று.

கேள்வி: மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: 20 டிகிரி தண்ணீரில் இருப்பதைவிட 28-இல் வெகு சீக்கிரம் ஆக்சிஜன் தீரும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். எந்த ஏர் பம்ப்பானாலும் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், காற்று நின்றதும் குழாய் வழியே தண்ணீர் இறங்கிப் பம்ப்புக்குள் போய்விடும். பேட்டரியும் இல்லையென்றால் டேங்க் குழாயைத் திறந்து ஒவ்வொரு பக்கெட்டிலும் ஒரு சாண் மட்டம் குறையுங்கள். மேல் வேர் ஈரக் காற்றில் மூச்சு விட்டுக்கொள்ளும். வடித்த கரைசலைக் கொட்டிவிடாமல் மூடி வையுங்கள், கரண்ட் வந்ததும் அதையே திரும்ப ஊற்றலாம்.