கீமோ எடுக்கும் தாயிடமிருந்து மகனைப் பிரிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 38. மார்பகப் புற்றுநோய்க்கு நான்கு கீமோ முடிந்து இன்னும் நான்கு பாக்கி. மகனுக்கு ஒன்பது வயது. டைப் 1 சர்க்கரை நோய், தினமும் நான்கு ஊசி இன்சுலின். கணவரும் நானும் மூன்று வருடமாகப் பிரிந்திருக்கிறோம், விவாகரத்து ஆகவில்லை. பையனுக்காக அவர் எதுவும் தருவதில்லை. இப்போது, “உன்னையே உன்னால் கவனிக்க முடியவில்லை, பையனை ஒப்படை” என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். கூடவே இருந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்வது என் தங்கைதான். எனக்குப் பிறகு மகன் அவளிடமே வளர வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அது செல்லுமா?

பதில்: நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பு வக்கீலின் கடிதம்தான், கோர்ட் உத்தரவு அல்ல. அதற்காகப் பையனை ஒப்படைக்க வேண்டியதில்லை. ஆனால் சும்மாவும் இருந்துவிடாதீர்கள். தந்தை சட்டப்படி இயற்கைக் காப்பாளர். அவரே பள்ளி வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால், “குடும்பத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்” என்றுதான் காவல் நிலையத்தில் சொல்வார்கள். பையனை யாரிடம் அனுப்பலாம் என்று பள்ளிக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள். நோட்டீஸுக்குப் பதில் அனுப்பிவிட்டு, அவருக்கு முந்தி நீங்களே குடும்ப நல நீதிமன்றத்தில் மனுப் போட்டு இடைக்கால உத்தரவு கேளுங்கள். பையன் வழக்கமாக வசிக்கும் ஊர் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். அவர் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம். கீமோ நாட்களில் நேரில் வருவதிலிருந்து விலக்கும் கேட்கலாம்.

புற்றுநோய் வந்த தாய் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீங்கள் இந்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. அந்த நலனை எதை வைத்துக் காட்டுவீர்கள்? இதே போன்ற ஒரு வழக்கில் நீதிபதி தந்தையிடம் கேட்டது ஒரே கேள்வி: “ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வீர்கள்?” அவர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். தாய்த் தரப்பில் ஒரு நோட்டை நீட்டினோம். தேதி, நேரம், சர்க்கரை அளவு, போட்ட யூனிட், ஓரத்தில் சித்தியின் கையெழுத்து. தாய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களிலும் ஒரு வரி விடுபடவில்லை. சட்டப் புத்தகத்தைவிட அந்த நோட்டுதான் அன்று பேசியது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். இல்லையென்றால் இன்றிரவே தொடங்குங்கள்.

இனி அந்தப் பத்திரம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்தால் உயிலாக நிற்கும். முத்திரைத்தாளே தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு இதைப் படியுங்கள்: தந்தை உயிரோடும் தகுதியோடும் இருக்கும்வரை, தங்கையைக் காப்பாளராக நியமிக்கும் அந்த வாசகம் அவரைக் கட்டுப்படுத்தாது. 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கிலும் தாய்க்கு மார்பகப் புற்றுநோய்; தந்தையும் நோயில் விழுந்ததால் குழந்தை தாயின் சகோதரிகளிடம் வளர்ந்தது. தாய் இறந்த பிறகு, குழந்தையைத் தந்தையிடமே கொடுக்கச் சொன்னது கோர்ட். மறுபக்கம், 2008-இல் தந்தை இருக்கும்போதே தாய்வழித் தாத்தா பாட்டியிடம் பேரனை விட்ட தீர்ப்பும் உண்டு. அங்கே தாயின் மரணம் தொடர்பான குற்றவழக்கில் தந்தை சிக்கியிருந்தார். ஆக, தங்கைக்கு வாய்ப்பே இல்லை என்பதில்லை. அதை உயில் ஒன்றே வாங்கித் தராது, இப்போது நீங்கள் சேர்க்கும் ஆதாரம்தான் வாங்கித் தரும். மூன்று வருடம் பணம் தராதது, பார்க்க வராதது, பையனின் டாக்டரிடம் ஒருமுறைகூடப் பேசாதது, எல்லாவற்றையும் நீங்கள் இருக்கும்போதே கோர்ட் பதிவில் ஏற்றுங்கள். ஜீவனாம்சமும் கேளுங்கள், உங்களுக்கும் பையனுக்கும் சேர்த்தே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 125-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 144-ஆம் பிரிவு. அவர் இறங்கி வந்தால் சமரசமாகப் போய், தங்கையின் பங்கையும் உடன்பாட்டில் எழுதிக் கோர்ட் உத்தரவாக வாங்குவது இன்னும் நல்லது.

பணம் தனி விஷயம், அதில் உயிலுக்குப் பலம் உண்டு. பையனுக்கு நேராக எழுதிவைத்தால் அவன் பெயரில் அதை நிர்வகிப்பவர் தந்தையாகிவிடலாம். உயிலிலேயே ஒரு டிரஸ்ட் அமைத்துத் தங்கையை டிரஸ்டியாகப் போடுங்கள். எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் நாமினி பக்கத்தைத் திறந்து பாருங்கள். கல்யாணமான புதிதில் போட்டதென்றால் அங்கே கணவர் பெயர்தான் இருக்கும், 2015 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட நாமினிக்கே தொகை சொந்தமாகிவிடும். மகனை நாமினியாக்கி, அவன் மைனர் என்பதால் பணத்தை வாங்கும் பொறுப்பாளராகத் தங்கை பெயரைக் கொடுங்கள்.

“தங்கைக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டால்?” என்று அடுத்துக் கேட்பீர்கள். கேட்காதவர் இல்லை. பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ, சித்தம் தவறினாலோ அதோடு பவரும் போய்விடும். உங்களுக்கு அது வேண்டியிருக்கும் நேரத்தில்தான் கைவிடும். அதற்குப் பதில், நான் சிகிச்சையில் இருக்கும்போது பையன் இவள் பொறுப்பில் இருக்கிறான், அவசர சிகிச்சைக்கு இவள் ஒப்புதல் தரலாம் என்று கையெழுத்திட்ட கடிதம் எழுதி, மருந்துச் சீட்டோடு தங்கையின் பையில் வையுங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காப்பாளர் மட்டுமல்ல, சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவரும் ஒப்புதல் தந்தால், நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சைக்குக் குற்றவியல் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அதனால் டாக்டரும் தயங்க மாட்டார்.

வக்கீல் செலவுக்குத் தவித்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

உயிலில் கையெழுத்துப் போட, கீமோ முடிந்த மறுநாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்த சுற்றுக்கு முந்தைய, கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளாகப் பாருங்கள். “தெளிவான மனநிலையில் இருக்கிறார்” என்று அதே தேதியிட்ட சான்றை உங்கள் டாக்டரிடம் வாங்கி உயிலோடு சேர்த்து வையுங்கள். மருந்து மயக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று நாளை வாதம் கிளம்பினால் அந்தச் சீட்டைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.