உளவியல் படித்தவர் அமெரிக்காவில் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியுமா?

கேள்வி: கோவையில் மூன்றாண்டு பி.எஸ்சி. உளவியல் முடித்தேன். இப்போது கணவருடன் டெக்சாஸில் எச்-4 விசாவில் இருக்கிறேன். வயது 31. பேச்சு-மொழி சிகிச்சைத் துறையில் நேரடியாக முதுகலை படிக்கலாமா? என் ஆங்கிலத்தில் தமிழ் வாடை உண்டு. அது தடையாகுமா?

பதில்: படிக்கலாம். இந்தியாவில் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற நான்காண்டுப் பேச்சு-செவித்திறன் பட்டம் இல்லாமல் இத்துறையின் முதுகலைக்குள் நுழைய முடியாது. அமெரிக்காவில் தொழிலுக்கான அடிப்படைத் தகுதியே முதுகலைப் பட்டம்தான். வேறு துறையில் இளங்கலை முடித்தவர்களையும் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன.

விண்ணப்பத்தை நிரப்பும் முன் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றிடம் உங்கள் சான்றிதழ்களைப் பாடவாரியாக மதிப்பீடு செய்யக் கொடுங்கள். இந்திய மூன்றாண்டுப் பட்டத்தை அமெரிக்க நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. சேர விரும்பும் இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலை நம்பிக் கட்டணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது முன்தேவைப் பாடங்கள். ஆஷா எனப்படும் அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கத்தின் தொழில் சான்றிதழுக்குப் புள்ளியியல், உயிரியல், சமூக அல்லது நடத்தை அறிவியல் ஆகியவற்றோடு இயற்பியல் அல்லது வேதியியலும் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் படித்த இயற்பியல் செல்லாது. விடுபட்டவற்றை அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் குறைந்த செலவில் முடித்துவிடலாம். ஒலியியல், பேச்சு உறுப்புகளின் உடற்கூறு, குழந்தையின் மொழி வளர்ச்சி போன்ற துறைசார் அடிப்படைப் பாடங்களை வெளித்துறையினர் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஓராண்டு ஒதுக்குங்கள்.

சேரும் படிப்புக்குச் சிஏஏ (இத்துறையின் முதுகலைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். தகவல்தொடர்பு அறிவியல் என்ற பெயரில் இணையவழியில் கிடைக்கும் எல்லா முதுகலையும் சிகிச்சை அளிக்கும் தகுதியைத் தராது. இதில் ஏமாந்தால் பணமும் ஆண்டுகளும் வீண்.

முதுகலை பெரும்பாலும் இரண்டு ஆண்டு, கோடை விடுமுறையையும் விழுங்கிவிடும். வகுப்பைவிட மருத்துவப் பயிற்சிதான் ஆளை வாட்டும். மொத்தம் 400 மணி நேரம். அதில் 25 மணி பார்த்துக் கற்பது, 375 மணி நோயாளிகளுடன் நேரடியாகப் பணியாற்றுவது. திக்குவாய், பேச்சு தாமதமான குழந்தை என்று மட்டும் நினைத்து வருபவர்களுக்கு முதல் அதிர்ச்சி விழுங்குதல் சிகிச்சை. பக்கவாதம் வந்தவரின் தொண்டையில் கஞ்சி உணவுக்குழாய்க்குப் போகிறதா, மூச்சுக்குழாயில் இறங்குகிறதா என்று பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவில் பார்ப்பது நம் வேலை. அவருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பதா, குழாய் வழி உணவா என்பதில் மருத்துவர் நம் கருத்தைக் கேட்பார். மருத்துவமனைப் பணியில் இதற்கே பெரும்பகுதி நேரம் போய்விடும். பள்ளியில் மட்டும் வேலை செய்ய விரும்பினாலும் இதைப் படிக்காமல் தப்ப முடியாது. என்னைக் கேட்டால், சேரும் முன் ஒரு மருத்துவமனையில் அனுமதி பெற்று இதை ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். ஆசை அதற்குப் பிறகும் நிலைத்திருந்தால் துணிந்து இறங்கலாம்.

பட்டத்துக்கு அப்பால் பிராக்ஸிஸ் என்ற இத்துறைக்கான தேசியத் தேர்வில் குறைந்தது 162 மதிப்பெண் தேவை. பிறகு அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் 36 வாரம், 1260 மணி நேரம் கிளினிக்கல் ஃபெலோஷிப் என்ற பணிப் பயிற்சி. மாநில உரிமம் தனி. டெக்சாஸில் இந்த ஃபெலோஷிப் காலத்துக்கே பயிற்சி உரிமம் எடுக்க வேண்டும்.

உங்கள் விசா சிக்கலாவது இந்தக் கட்டத்தில்தான். எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. ஆனால் ஃபெலோஷிப் என்பது சம்பள வேலை. கணவருக்காக அவர் நிறுவனம் கிரீன் கார்டுக்குப் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டு, அதன்பேரில் உங்களுக்கு வேலை அனுமதி கிடைத்திருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிப் படிப்பது ஒரு வழி. படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற ஓராண்டு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், 36 வாரம் அதற்குள் அடங்கும். வேலை தேடும் நாட்களும் அந்த ஓராண்டிலிருந்தே கழியும் என்பதால், கடைசிப் பருவத்திலேயே தேடத் தொடங்கிவிடுங்கள். மாறுவதா வேண்டாமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

உச்சரிப்பு தடையில்லை. எந்த ஒலியைக் கற்பிக்கிறீர்களோ அதைச் சரியாக ஒலித்துக் காட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தின் ‘ட்’ நம் ‘ட்’ அல்ல. நாம் நாக்கை மடிக்கிறோம், அவர்கள் மேல்பல்லுக்குப் பின்னுள்ள ஈறு மேட்டில் நாக்கு நுனியை வைக்கிறார்கள். ஒலியியல் வகுப்பில் இதைப் பழகிக்கொள்வீர்கள். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை ‘டபிள்யூ’ வரும் ஆங்கிலச் சொற்களில் உதட்டைக் குவிக்காமல் நம் ‘வ’வைச் சொன்னால், அது மொழித் தாக்கமா, குறைபாடா என்று பிரித்தறிய உங்கள் தமிழ் உதவும். சேர்க்கைக் கட்டுரையில் உங்கள் இருமொழித் திறனைக் கூச்சப்படாமல் எழுதுங்கள்.