பழைய பிளேஸ்டேஷன் சிடிக்களைக் கணினியில் விளையாடலாமா?

கேள்வி: 1999-இல் என் மாமா சிங்கப்பூரிலிருந்து பிளேஸ்டேஷனும் 11 கேம் சிடிக்களும் வாங்கி வந்தார். கருவி பழுதாகிவிட்டது. அந்த கேம்களை, கருவியைப் போலவே இயங்கும் மென்பொருளான எமுலேட்டர் மூலம் கணினியில் விளையாடலாமா? தொலைந்துபோன இரண்டு கேம்கள் இப்போது எங்கும் விற்பனையில் இல்லை. அவற்றை இணையத்தில் இறக்கிக்கொள்வது குற்றமா?

பதில்: முதலில் சிடிக்களைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அசல். வெள்ளியாகப் பளபளத்து, மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் நகல். இனி நான் சொல்லும் சட்டச் சலுகை அசல் வைத்திருப்பவருக்கு மட்டுமே.

எமுலேட்டரைக் கண்டு அஞ்ச வேண்டாம். பிளேஸ்டேஷன் கேம்களை ஆப்பிள் கணினியில் ஓட்டும் மென்பொருளை 1999-இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி வழக்குப் போட்டது. கருவி இயங்கும் முறையை ஆராய்ந்து சொந்தமாக எழுதிய மென்பொருள் தவறல்ல என்று 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் கருவியைத் தொடக்கி இயக்க அதற்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் சோனியின் சொத்து. அதை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். புதிதாக எழுதப்பட்ட மாற்று பயாஸுடன் வரும் எமுலேட்டர்கள் இருக்கின்றன. சில கேம்கள் அதில் தடுமாறும், அவ்வளவுதான்.

உங்கள் சிடிக்களை நகலெடுக்கலாம். முறையாகப் பெற்ற மென்பொருளைச் சொந்த உபயோகத்துக்காக, வணிக நோக்கமின்றி நகலெடுப்பது மீறல் அல்ல என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏடி) பிரிவு. கேமில் இசையும் காட்சியும் இருக்கின்றனவே என்றால், அவற்றைச் சொந்த உபயோகத்துக்கு நியாயமாகக் கையாள 52(1)(ஏ) இடம் தருகிறது. நகல் தடுப்புப் பூட்டை உடைக்கும் பிரச்சினையும் இதில் பொதுவாக எழாது: பிளேஸ்டேஷன் சிடியின் காவல், நகலைக் கருவி ஏற்காமல் தடுப்பதற்கானது, அசல் சிடியைக் கணினி சாதாரணமாகவே படிக்கும்.

இறக்கிக்கொள்வது வேறு கதை. மேற்சொன்ன 52(1)(ஏடி) பிரிவு, உங்களிடம் உள்ள பிரதியிலிருந்து எடுக்கும் நகலைப் பற்றியே பேசுகிறது. கடையில் கிடைக்கவில்லை என்பதால் பதிப்புரிமை காலாவதியாகிவிடாது. ‘24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் குற்றமில்லை’ என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத கட்டுக்கதை. திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவதற்கு 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் அபராதத்தோடு விட்டுவிடலாம்.

சட்டம் இப்படி இருப்பது சரியா என்றால், இல்லை என்பேன். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கிட்டது. உரிமையாளர் விற்கவும் மாட்டார், நூலகம் தொலைவிலிருந்து ஆய்வாளருக்குத் திறந்துகாட்டவும் விடமாட்டார் என்றால், அந்தப் படைப்பு யாருக்காக? எவருக்கும் விற்பனை இழப்பில்லாத ஒரு கேமைத் தேடி எடுப்பவரை நான் திருடர் என்று சொல்லமாட்டேன். அதே கேம் மறுவெளியீடாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இலவசமாக எடுப்பவருக்காக என்னால் வாதாட முடியாது. உங்கள் இரண்டு கேம்களையும் முதலில் சோனியின் இணையக் கடையிலும், பிறகு பழைய சிடி விற்பவர்களிடமும் தேடுங்கள்.

அதற்கு முன், கையில் இருக்கும் சிடிக்கள் அனைத்தையும் இந்த வாரமே நகலெடுத்துவிடுங்கள். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள்; வட்டமாகத் துடைத்தால் கீறல் பெரிதாகும். வேகத்தைக் குறைத்துப் படிக்க விடுங்கள். ‘பின்’ (.bin), ‘கியூ’ (.cue) என இரண்டு வகைக் கோப்புகள் வரும். கியூ சின்னதுதானே என்று அழித்துவிடாதீர்கள். இசையைத் தனித் தடங்களாகப் பதித்த கேம்கள் அது இல்லாமல் ஊமையாகத்தான் ஓடும்.