அடுக்குமாடியில் பிள்ளைகளுக்கு எது இடம்? கேள்வி பதில்

மதுரை தல்லாகுளம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பதினோரு வருடம் சங்கச் செயலாளராக இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கார் நிறுத்துமிடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக் கண்ணாடியை உடைக்கிறார்கள். தடை போடலாமா? (கோச்சடை வாசகி)

நாங்களும் போட்டோம், அக்கா. பையன்கள் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார்கள், எங்களுக்குத்தான் பயம் கூடியது. அப்புறம் அவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினோம். ரப்பர் பந்து போதும், ஆறு மணிக்கு வண்டிகள் வருமுன் முடிப்போம் என்றார்கள். எட்டாவது படிக்கும் ஒரு பெண் கோலமாவில் எல்லை போட்டாள். மழையில் அழிந்தால் மறுநாள் டப்பாவோடு அவளே வருவாள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு வாசலில் நீர்மோர்ப் பந்தல் போடும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டோம். மூவாயிரம் கொடுத்தோம். எலுமிச்சை, ஐஸ், டம்ளர் என்று நோட்டில் வரி வரியாக எழுதி மிச்சம் 140 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். பெரியவர்கள் நடத்திய எந்த விழாவிலும் அப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. பணத்தையும் சாவியையும் நம்பிக் கொடுங்கள்.

பொதுக்குழுவில் எங்களைப் பேசவிடுவதில்லை. (பிளஸ் டூ மாணவி, ஆனையூர்)

ஓட்டு வீட்டு உரிமையாளருக்குத்தான், பாப்பா. பேச்சு அப்படியில்லை. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. தன்னைத் தொடும் விஷயத்தில் குழந்தை கருத்துச் சொல்லலாம் என்கிறது 12ஆம் பிரிவு. 31ஆம் பிரிவு விளையாட்டைச் சொல்கிறது. அவை அரசுக்கான கடமைகள், சங்கத்தைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் எடுத்துச் சொல்ல நல்ல பிடிமானம். "இடம் வேண்டும்" என்று மட்டும் கேட்காமல் எந்த மூலை, எத்தனை மணி, என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ.

எங்கள் பிளாட் பூங்காவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். (கே.கே. நகர்)

திட்ட வரைபடத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். உங்களுடையது அந்த இடமென்றால் பூட்டச் சங்கத்துக்கு உரிமையில்லை, மாநகராட்சியில் மனு கொடுங்கள். சங்கத்துக்குள் அடங்கிய பூங்கா என்றால் பொதுக்குழுதான் வழி.

வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் பொது ஹால் கிடையாதாம்.

தப்பு. கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் நாலு பேரில் யார் வீடு சொந்தம் என்று எதற்குக் கேட்க வேண்டும்?

இரவு மொட்டை மாடியில் சத்தம்?

இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. வெறும் பேச்சும் சிரிப்பும் என்றால் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதாதீர்கள். படியேறிப் போய், "தம்பி, பாட்டி தூங்குறாங்க" என்று நேரில் சொல்லுங்கள்.