முதல் பேச்சாளரின் முதல் நிமிடம்

கேள்வி: அக்கா, கல்லூரி விவாதக் குழுவில் இருக்கிறேன். பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறைப் போட்டிகளில் தலைப்பை ஆதரித்துப் பேசும் அரசுத் தரப்பின் முதல் பேச்சாளராக நிற்கவேண்டி வந்தாலே நடுங்குகிறேன். எனக்கு முன்னால் பேசியவர் யாரும் இல்லாததால் மறுத்துப் பேச ஒன்றும் கிடைப்பதில்லை. திருக்குறள் சொல்லித் தொடங்கினாலும் எடுபடவில்லை. என்ன செய்வது?
– ஒரு மாணவி, மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

குறளில் குறை இல்லை. ஆனால் எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற குறளைச் சொன்னால், இந்தத் தலைப்பைப் பற்றி நீ இன்னும் வாய் திறக்கவில்லை என்றுதான் நடுவர் எடுத்துக்கொள்வார். அவை வணக்கமும் மேற்கோளும் பட்டிமன்றத்துக்கு அழகு. உனக்கு இருப்பதோ ஏழே நிமிடங்கள்.

மறுக்க ஒன்றும் இல்லை என்று வருந்துகிறாய். நான்கு அணிகள், எட்டுப் பேர் மோதும் இந்த முறையில், எதைப் பற்றிய சண்டை என்று தீர்மானிக்கும் உரிமை உன் ஒருத்திக்குத்தான் இருக்கிறது! 'பள்ளிகளில் கைப்பேசியைத் தடை செய்ய வேண்டும்' என்பது தலைப்பு என்று வைத்துக்கொள். இப்படித் தொடங்கிப் பார்: "சாப்பாட்டு இடைவேளையில் பத்துப் பிள்ளைகள் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து பத்துத் திரைகளைப் பார்க்கிறார்கள். அந்த இடைவேளையை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவே இந்தத் தடையைக் கேட்கிறோம்."

அடுத்த மூச்சில் திட்டத்தைச் சொல். எந்த வகுப்பு வரை தடை? கைப்பேசியை யார் வாங்கி வைப்பார்கள்? அவசரத்துக்கு வீட்டை எப்படி அழைப்பது? சர்க்கரை அளவைக் கைப்பேசியில் பார்க்கவேண்டிய பிள்ளைக்கு விலக்கு உண்டா? நீ விட்டுவைக்கும் ஓட்டையை எதிர்த்தரப்பு தனக்கு வசதியாக நிரப்பிக்கொள்ளும். அதற்காக, 'தேர்வு அறையில் மட்டும் தடை' என்று தலைப்பைச் சுருக்கிவிடாதே. எதிரே நிற்பவருக்குப் பேச இடமே விடாமல் ஜெயிக்கப் பார்ப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, நடுவர்களும் ஏற்கமாட்டார்கள்.

தயாரிப்புக்குக் கிடைப்பது 15 நிமிடங்கள். எடுத்த எடுப்பிலேயே வாதங்களை எழுதிக் குவிக்காமல், யாருக்கு என்ன மாறும், அது ஏன் முக்கியம் என்று உன் இணைப் பேச்சாளரோடு பேசி முடிவு செய். பிறகு இரண்டே வாதங்கள்; மூன்றாவதை அவரிடம் விட்டுவிடு. ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாக ஒரு பெயர் வைத்து, இருவரும் அதே பெயரையே சொல்லுங்கள். உனக்குப் பின் ஏழு பேர் பேசுவார்கள். ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழித்து நடுவர்கள் கூடிப் பேசும்போதும் உன் வாதம் அவர்கள் நினைவில் நிற்க வேண்டுமே.

நடுக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் நிமிடத்தில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. அந்த நிமிடத்துக்கான முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, தாளைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்துச் சொல். கேள்வியை முதல் வாதம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

விவாதமே தெரியாத ஒரு தோழியிடம் அந்த ஒரு நிமிடத்தைப் பேசிக் காட்டு. முடித்ததும், "நான் எதை மாற்றச் சொல்கிறேன்?" என்று கேள். அவள் தயங்கினால் தொடக்கத்தைத் திரும்ப எழுது.