லண்டனா, அடிலெய்டா? ஆஸ்திரேலியக் காலனிச் சட்டங்கள் பற்றிய கேள்விகள்

கேள்வி: ஆஸ்திரேலியக் காலனிகளுக்குச் சொந்தமாகச் சட்டமன்றம் இருந்ததே. அப்புறம் லண்டனுக்கு அங்கே என்ன வேலை?

நியூ சவுத் வேல்ஸுக்கும் விக்டோரியாவுக்கும் 1855-இல் பொறுப்பாட்சி, அதாவது சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை ஆட்சி, கிடைத்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் 1856-இல். ஆனால் ஆளுநரை அனுப்பியது லண்டன்தான். மசோதா வந்தால் அவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், அரசியின் முடிவுக்கென்று நிறுத்தியும் வைக்கலாம். அவர் ஒப்புதல் தந்துவிட்டாலும் லண்டன் இரண்டு ஆண்டுக்குள் ரத்து செய்யலாம். இது போக, வழக்குகளின் கடைசி மேல்முறையீடு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் என்ற உச்ச மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போனது.

ஏட்டில் இவ்வளவு அதிகாரம் இருந்தும், பெரும்பாலும் கடிதத்திலேயே காரியம் முடிந்தது. 'இந்தப் பிரிவை மாற்றினால் நல்லது' என்று லண்டனில் காலனிகளைக் கவனித்த அமைச்சரான காலனி விவகாரச் செயலர் எழுதுவார். காலனியில் முணுமுணுத்துக்கொண்டே மாற்றுவார்கள்.

கேள்வி: 1865-ஆம் ஆண்டின் காலனிச் சட்டங்கள் செல்லுபடிச் சட்டம் ஒரே ஒரு நீதிபதியால் வந்தது என்கிறார்களே, உண்மையா சார்?

ஏறக்குறைய உண்மை. பெஞ்சமின் பூத்பி என்பவரை 1853-இல் தெற்கு ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றத்துக்கு லண்டன் நியமித்தது. காலனிச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தோடு ஒத்துப்போகாவிட்டால் செல்லாது என்பது அவர் வாதம். அதை அவர் பிடித்த பிடியில் காலனியின் தலைநகரான அடிலெய்டில் எந்தச் சட்டம் நிற்கும், எது விழும் என்றே தெரியாமல் போனது. நிலப் பதிவை எளிதாக்க அந்தக் காலனியின் அரசியல்வாதி டோரன்ஸ் கொண்டுவந்த 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் தப்பவில்லை. பத்திரத்தை நம்பி நிலம் வாங்கியவன் கதி என்ன?

1861-இல் சட்டமன்றத்தின் இரு அவைகளும் அவரை நீக்கக் கோரி அரசிக்கு மனு அனுப்பின. லண்டன் மறுத்தது. நீதிபதியைக் காலனி நினைத்தபடி தூக்கினால் நீதித்துறையின் சுதந்திரம் என்னாகும் என்ற கவலை. அது நியாயமான கவலைதான். அதனால் ஆளை விட்டுவிட்டுச் சட்டத்தைச் சரிசெய்தார்கள். காலனிக்கென்றே பொருந்தும்படி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தோடு மோதினால் மட்டுமே காலனிச் சட்டம் செல்லாது, அதுவும் மோதுகிற அளவுக்குத்தான் என்று 1865-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தோடு முரண்படுவது இனி ஒரு குறையே இல்லை.

காலனியைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்றே பலர் இதைப் படிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது விடுதலைப் பத்திரம் என்பது என் கருத்து.

பூத்பி அதன் பிறகும் அடங்கவில்லை. 1866-இல் இரண்டாவது மனு போனது. 1782-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றைக் காட்டி, வேண்டுமானால் நீங்களே நீக்கிக்கொள்ளலாம் என்று லண்டன் பொறுப்பைத் திருப்பிவிட்டது. 1867-இல் ஆளுநர் டேலியும் நிர்வாகக் குழுவும் விசாரித்து அவரை நீக்கினார்கள். பூத்பி பிரிவி கவுன்சிலுக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். 1868-இல் இறந்துபோனார்.

கேள்வி: நம்ம ஊர் ஆளுநர் மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைக்கிறாரே, அதுவும் இதே வம்சமா?

அதே வம்சம்தான். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் வழியாக நம் அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவுக்கு வந்து சேர்ந்தது.

கேள்வி: லண்டன் பேச்சை மீறிய ஆளுநர் உண்டா? காலனி அரசே மீறியதுண்டா?

இரண்டும் உண்டு. விக்டோரியாவில் 1865-இல் கீழவை, சுங்கவரி மசோதாவைச் செலவு மசோதாவோடு ஒட்டி அனுப்பியது. மேலவை இரண்டையும் சேர்த்து ஒதுக்கியது. கஜானாவைத் திறக்க வழியில்லை. அரசு ஒரு தனியார் வங்கியில் கடன் வாங்கியது. வங்கி வழக்குப் போடும், 'ஆமாம், கடன்பட்டிருக்கிறோம்' என்று அரசு ஒப்புக்கொள்ளும், தீர்ப்பின்பேரில் பணம் வெளியே வரும்! மேலவையைக் கேட்கவே வேண்டாம். இதற்குத் துணைபோன ஆளுநர் டார்லிங்கை 1866-இல் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

இரண்டாவது, குயின்ஸ்லாந்து. ஜெர்மனி வந்துவிடுமோ என்ற பயத்தில் 1883 ஏப்ரலில் பிரதமர் மக்கில்ரைத் ஓர் அதிகாரியை போர்ட் மோர்ஸ்பிக்கு அனுப்பி, நியூ கினியின் கிழக்குப் பகுதியை இணைத்ததாக அறிவிக்க வைத்தார். காலனிக்கு அந்த அதிகாரமே இல்லை என்று அப்போதைய காலனி விவகாரச் செயலர் டெர்பி பிரபு நிராகரித்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனி வடகிழக்கை எடுத்துக்கொண்டது. பிரிட்டனுக்குத் தென்கிழக்குதான் மிஞ்சியது. அங்கே வாழ்ந்த மக்களை இருவருமே கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் எப்போது முடிந்தது? காலனிகள் ஒரே நாடாகச் சேர்ந்த 1901 கூட்டாட்சியோடா?

இல்லை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளை பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டங்களின் பிடியிலிருந்து விடுவித்த 1931-ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வந்த பிறகும், கான்பெராவின் மத்திய அரசு அதை 1942-இல்தான் ஏற்றது, 1939 செப்டம்பர் 3 முதல் செல்லும் என்று பின்தேதியிட்டு. அதுவும் மத்திய அரசுக்கு மட்டும். மாநிலங்கள் கான்பெராவை நம்புவதைவிட லண்டன் தொடர்பே மேல் என்று ஒதுங்கி நின்றன. ஆகவே பூத்பி காலத்து 1865-ஆம் ஆண்டுச் சட்டம் 1986 மார்ச் 3 அன்று ஆஸ்திரேலியா சட்டம் நடைமுறைக்கு வரும்வரை மாநிலங்களைக் கட்டுப்படுத்தியது. மாநில நீதிமன்றங்களிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி அடைபட்டதும் அன்றுதான்.